மூன்று உயிர் போன இரவு
வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடரின் கதை

திண்டிவனத்தில் ஓர் இரவு. 1890-ம் ஆண்டை ஒட்டிய காலம். பாதிரியும் டாக்டருமான ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு ஒரு பிராமணர் ஓடிவந்தார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்த மகள் ஐடா அவரைச் சந்தித்தார். தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். வந்தவர் மறுத்தார். அந்நிய ஆண் தம் மனைவியைத் தொடுவதா? பெண்தான் வரவேண்டும் என்றார். ஐடாவோ வைத்தியம் படிக்காதவர்.

அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். அவர்களுக்கும் அதே துயரம். அவர்களும் ஆண் டாக்டர் வேண்டாம் என்றே திரும்பினார்கள்.

பொழுது விடிந்தது. சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

ஒரே படுக்கை

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவுக்கே போய்விட நினைத்திருந்தார். அந்த இரவு அவர் மனத்தை மாற்றியது. மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார்.

ஐடா தளரவில்லை. ஒரே படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960-ல், 89-வது வயதில், அவர் கொடைக்கானலில் மறைந்தார்.

வெட்கம் போகவில்லை

இன்று பெண் டாக்டர்கள் ஏராளம். ஆனால், வாய் திறக்காத வழக்கம் முழுதும் போகவில்லை. அரியலூர் பக்கத்து ரெட்டிபாளையமானாலும் சரி, சென்னைப் பட்டணமானாலும் சரி, பெண்கள் மறைத்து வைக்கும் நோய் ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, எரிச்சல், தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப்படுதல்!

இதற்குக் காரணம் கேண்டிடா என்னும் பூஞ்சை. உடம்பில் இயல்பாகவே சிறிதளவு இருப்பது அது. அளவு மீறிப் பெருகினால்தான் தொல்லை. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. கெட்ட நடத்தையால் வருவதல்ல. கன்னிப் பெண்ணுக்கும் வரும்.

யாருக்கு அதிகம் வரும்? கர்ப்பிணிகளுக்கு வரும். சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களுக்கு வரும். ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வரலாம். அம்மருந்து காவல் காக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுகிறது. ஸ்டீராய்டு மருந்தாலோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வரும்.

உள்ளே சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. ஈர உள்ளாடையுடன் இருக்கக் கூடாது. தாமாக மருந்து வாங்கக் கூடாது. எல்லா வெள்ளைப்படுதலும் இந்த நோய் அல்ல. துர்நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் வேறு நோயாக இருக்கலாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் விழுங்கக் கூடாது. அடிக்கடி வந்தால் சர்க்கரைப் பரிசோதனை அவசியம்.

தக்க மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சில நாட்களில் குணமாகிவிடும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம்.

தாய்மார்களே, மகள் தயங்கினால் நீங்களே கேளுங்கள். கணவன்மார்களே, மனைவியை அழைத்துச் செல்லுங்கள். அன்று திண்டிவனத்தில் பெண் டாக்டர் இல்லை. இன்று இருக்கிறார். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?