நூல் அறுந்தால் நிற்கும் தறி

போன வருஷம் ஒர்க்‌ஷாப்பில் என் கையால் ஒரு டிரில் பிட் உடைந்தது. யாரும் பார்க்கவில்லை. துண்டைச் சீவல்களோடு தள்ளிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். பேர் கெட்டுவிடுமோ என்று பயம். அடுத்த வாரம் அதே மெஷினில் நண்பனுக்கும் பிட் உடைந்தது. திட்டு வாங்கியது அவன். அந்த உறுத்தலோடு இருந்தபோதுதான் சகிச்சி டொயோடாவின் வாழ்க்கையைப் படித்தேன்.

ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில் ஒரு கிராமத்தில் 1867-ல் பிறந்தவர். அப்பா தச்சர். மகனுக்குக் கிடைத்தது தொடக்கப் பள்ளிப் படிப்பு மட்டும்தான். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து, தறியைத் திருத்தியே தீருவது என்று இறங்கினார். செய்வார், பிரிப்பார், மறுபடி செய்வார். 1890-ல் டோக்கியோ பொருட்காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போய் இயந்திரங்களையே பார்த்து நின்றார். மறு வருஷம் மரக் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். வயது 24!

1896-ல் விசைத்தறி செய்தார். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் தறி பாட்டுக்கு ஓடும், துணி வீணாகும். 1924-ல் மகன் கீச்சிரோவோடு சேர்ந்து முடித்த தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தாலும் நின்றது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அதன் உரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. 1930-ல் சகிச்சி காலமானார்.

கீச்சிரோ 1937-ல் நிறுவிய டொயோட்டா மோட்டார் கம்பெனியில் அந்தத் தறியின் குணம் மனிதர்களுக்கும் வந்தது. கோளாறு கண்ட தொழிலாளி வேலை ஓட்டத்தையே நிறுத்தலாம். பிறகு ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும். இந்தப் பழக்கமும் சகிச்சியின் பேரால்தான் சொல்லப்படுகிறது. நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷானும் 1978-ல் எழுதினார்கள். தப்பைச் சரிசெய்வது ஒரு சுற்று. தப்புக்கு இடம் கொடுத்த முறையையே மாற்றுவது இரட்டைச் சுற்று என்றார்கள்.

நானும் கேட்டுப் பார்த்தேன். பிட் ஏன் உடைந்தது? சூடேறியது. ஏன்? கூலண்ட் விழவில்லை. ஏன்? டேங்க் காலி. ஏன்? யாரும் நிரப்பவில்லை. ஏன்? யார் நிரப்புவது என்று முறையே போடவில்லை! புதுப் பிட் மாட்டியதோடு நாங்கள் நின்றுவிட்டோம். நான் அன்றே சொல்லியிருந்தால் நண்பன் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.

போய் ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் திட்டு விழுந்தது. இப்போது டேங்கைப் பார்க்கத் தினமும் ஒருவருக்கு முறை.

நண்பர்களே, நூல் அறுந்ததைத் தறியே சொல்கிறது. நாம் மறைக்கலாமா?