எல்லாத்தையும் அளக்க வேண்டாம்!

ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல 20 செட்டிங் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் ஆன், ஆஃப் ரெண்டே நிலைதான். மொத்தம் எத்தனை கான்ஃபிகரேஷன் தெரியுமா? 10,48,576. ஒண்ணோட வேகத்தை அளக்க ஒரு நிமிஷம்னு வெச்சாலும், ராத்திரி பகலா ஓட்டினா கிட்டத்தட்ட 2 வருஷம் ஆகும். நம்ம ப்ராஜெக்ட்டுக்குக் கிடைக்கிறதோ ஒரு செமஸ்டர். அதனால சிலதை மட்டும் அளந்து, மீதியோட வேகத்தைக் கணிக்கிறோம்.

எத்தனை அளந்தா போதும்? அந்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? இந்த ரெண்டு கேள்வியோடயே வாழ்ந்த ஒருத்தரைத்தான் இப்போ பார்க்கப் போறோம். அவர் கணிச்சது சாஃப்ட்வேரை இல்ல, சணல் வயலை.

பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே நம்ம ராமானுஜன் இவருக்கு நண்பர். கம்பளிக்குள்ளே நுழைந்து படுக்கணும்னு தெரியாமல் அதன் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கிய ராமானுஜனுக்கு, எப்படிப் படுக்கணும்னு காட்டிக்கொடுத்தவர் இவர்தான்.

1915-ல் ஊருக்குக் கிளம்பும்போது போரால் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டது. பழைய தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்க ஆரம்பித்தார். இயற்பியல் வாத்தியார் புள்ளியியல்காரர் ஆனது இப்படித்தான்.

குற்றாலம் பேரருவியில தண்ணி கூடணும்னா மேலே மலையில மழை பெய்யணும். தென்காசிக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணின்னு சொல்ல, பல வருஷக் கணக்கு வேணும். 1922-ல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது, பெரும் செலவில் தடுப்பு நீர்த்தேக்கங்கள் கட்டலாம் என்று யோசனை வந்தது. மகாலனோபிஸ் சுமார் 50 வருட மழை, வெள்ளக் கணக்கை எடுத்துப் பார்த்தார். நீர்த்தேக்கம் உதவாது, தண்ணீர் சீக்கிரம் வடிய வழி செய்யணும் என்பதுதான் அவர் கண்ட முடிவு.

1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1937-ல் வங்காளத்தின் சணல் விளைச்சலைக் கணிக்கும் வேலை ஆரம்பமானது. வயல் வயலாக எண்ணினால் செலவு தாங்காது. அதனால் எதேச்சையாகத் தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் அளந்தார். முதலில் சின்ன அளவில் ஒரு சர்வே. எவ்வளவு செலவாகிறது, பிழை எவ்வளவு வருகிறது என்று பார்த்து, அதை வைத்து அடுத்த வருஷத்து சர்வேயைத் திட்டமிட்டார். ஒரே பகுதிக்கு ரெண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பவும் செய்தார். ரெண்டு கணக்கும் ரொம்ப விலகினால், எங்கேயோ தப்பு என்று அர்த்தம்.

பின்னாடி முழுக் கணக்கெடுப்பும் மாதிரிக் கணக்கெடுப்பும் பக்கத்துல பக்கத்துல நடந்தபோது, மிகக் குறைந்த செலவில் நடந்த மாதிரிதான் சணல் வியாபாரக் கணக்குக்கு நெருக்கமாக வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் அவசரமாக எண்ணினால் பிழையும் கூடத்தானே வரும்!

1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, பிழைத்த குடும்பங்கள் எந்த நிலைமையில் இருக்கின்றன என்பதையும் அவரது கழகம் இதே முறையில் கணக்கெடுத்தது. நிலத்தை விற்றவர்கள், தொழிலை இழந்தவர்கள் என்று எல்லாரையும் எண்ணி முடிக்கும் வரை உதவி காத்திருக்க முடியாதே. 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் இவர்தான் வடிவம் கொடுத்தார். கனரகத் தொழிலுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று விமர்சனமும் வந்தது. 1972 ஜூன் 28 அன்று, 79-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால் காலமானார். ஜூன் 29 இப்போது புள்ளியியல் தினம்.

சரி, நம்ம 10,48,576-க்கு வருவோம். கைக்கு வந்த கான்ஃபிகரேஷன்களை மட்டும் எடுக்காதீங்க, எதேச்சையாத் தேர்ந்தெடுங்க. தனித்தனியா வேகம் தர்ற ரெண்டு செட்டிங் சேர்ந்தா இழுக்கவும் செய்யும். முதல்ல 50 அளங்க, பிழையைப் பாருங்க, அப்புறம் கூட்டுங்க. மாடலுக்குக் காட்டாத சிலதைத் தனியா அளந்து, கணிப்பையும் நிஜத்தையும் ஒரே அட்டவணையில போடுங்க. வித்தியாசம் பெருசா வந்தாலும் அதை ரிப்போர்ட்ல எழுதிடுங்க. பிழை எவ்வளவுன்னு சொல்லாத கணிப்பை நம்பி யாரும் ஒரு சர்வரைக்கூட ஓட்ட முடியாது.