பிடியரிசிப் பள்ளியில் பயின்றவர்

பெருந்தலைவர் காமராசரின் வாழ்வை எழுதப் புகுவோர் பலரும் அவர்தம் எளிமையில் தொடங்கி, இந்தியப் பேரரசியலில் அவர் பெற்ற செல்வாக்கில் முடிப்பர். இரண்டும் பலமுறை எழுதப்பட்டவை. நாம் ஈண்டு அவர் வாழ்வைப் பள்ளிக்கூடச் சோற்றோடு தொடர்புடைய அளவில் மட்டும் காண விழைகிறோம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அறியாத ஆசிரியர் இல்லை. அதனை அறிந்த ஒருவர் நாட்டை ஆளும் இடத்திற்கு வந்தபொழுது என்ன நிகழ்ந்தது என்பதே நம் கட்டுரையின் பொருள்.

விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய விருதுநகரில் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என அழைக்கப்பெற்ற பிள்ளை பின்னாளில் காமராசர் ஆனார். சிறு வயதிலேயே தந்தை மறைந்தார். தாயார் நகைகளை விற்றுக் கிடைத்த பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார் என்பர்.

அவர் பயின்ற பள்ளிகளுள் சத்திரிய வித்தியாசாலை குறிப்பிடத்தக்கது. அவ்வூர் நாடார் சமூகத்தார் தம் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயில வேண்டும் என்று நிறுவிய பள்ளி அது. அரசு உதவியை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை. வீடுதோறும் உலைக்கு அரிசி களையும்பொழுது ஒரு பிடியைத் தனியே எடுத்துக் கலயத்தில் இடுவர். அவ்வாறு சேரும் பிடியரிசியே பள்ளிக்கு வருவாயாயிற்று. எத்தனையோ தாய்மாரின் அடுக்களையிலிருந்து வந்த அரிசியால் நடந்த பள்ளியில் காமராசர் எழுத்தறிந்தார் என்பதை அவர் வரலாற்றை எழுதியோர் சிலர் ஒரு வரியில் கடந்து போகின்றனர். நமக்கோ அது கடந்து போகக்கூடிய செய்தியாகத் தோன்றவில்லை.

கட்டணமில்லாப் பள்ளியாலும் அவரை நிறுத்தி வைக்க இயலவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். சம்பளம் கேட்காத பள்ளிகூட, வீட்டில் அடுப்பெரியாத பிள்ளையை இழந்துவிடும் என்ற உண்மையை அவர் எந்த நூலிலும் கற்க வேண்டியிருக்கவில்லை.

1919ஆம் ஆண்டின் சாலியன்வாலாபாக் படுகொலை அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது. 1930இல் வேதாரணியம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்குகொண்டு அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பெற்றார். பல தவணைகளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. விட்ட படிப்பை அங்கேதான் தொடர்ந்தார். சிறையிலிருந்தபொழுதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், விடுதலையானதும் சென்று அப்பதவியைத் துறந்தார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியில் இருத்தல் முறையன்று என்பது அவர் கருத்து. 1940 முதல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக விளங்கினார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவர் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். முந்தைய ஆட்சியில் இராசாசி கொண்டுவந்த, பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலில் ஈடுபடுத்தும் கல்வித் திட்டம் நாடெங்கும் கொந்தளிப்பை எழுப்பியிருந்தது. அதனைப் புதிய அரசு உடனே கைவிட்டது. எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில், கட்சித் தலைமைத் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்திற்கே கல்வித்துறையைத் தந்தார். கல்வித்துறை இயக்குநராக அமைந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. சிற்றூரில் பிறந்து, பள்ளிகளை நேரில் கண்டறிந்த அலுவலர் அவர். முதலமைச்சரின் எண்ணம் அரசாணையாகி, ஆணை அடுப்பாகிப் புகைந்ததற்கு இவ்வலுவலரின் உழைப்பே பெருங்காரணம்.

சேரன்மாதேவி அருகே இருப்புப்பாதைக் கடவில் காமராசரின் வண்டி நின்றதாகவும், அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் பள்ளிக்குப் போகாத காரணத்தை அவர் வினவியதாகவும், பள்ளிக்கூடத்தில் சோறு போடுவார்களா என்று அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும், அதிலிருந்தே மதிய உணவுத் திட்டம் பிறந்ததாகவும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. அழகான கதை, நாமும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அதனை மட்டும் சொல்லி நிறுத்தினால், ஒரு திட்டம் ஒரு கணத்தில் வானிலிருந்து இறங்கியது போன்ற மயக்கம் மாணவர்க்கு ஏற்பட்டுவிடும்.

உண்மையில் அதற்கு முன்னோடி உண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்தபொழுது, 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கூடிய மாமன்றம் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகட்குச் சிற்றுண்டி வழங்க இசைந்தது. பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது வரையறை. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1925இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையாமையால் திட்டம் நின்றது. இரண்டாண்டுகள் கழித்தே மீண்டும் தொடங்கியது. கல்விக்கென ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாகாது என்பது அக்காலத்துக் கணக்கு. கணக்கர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் இவ்வெண்ணம் இன்றும் பலர் உள்ளத்தில் உறைந்திருக்கிறது என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

காமராசர் எதிர்கொண்டதும் இதே வினாவைத்தான். பணம் எங்கிருந்து வரும்? 1955இல் கல்வித்துறையினரின் கூட்டம் ஒன்றில் அவர் தம் எண்ணத்தை வெளியிட்டபொழுது கையில் நிதி ஒதுக்கீடு ஏதும் இல்லை. எனவே முதலில் ஊராரிடம் சென்றனர். தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியோரும் சேர்ந்து குழு அமைத்தனர். நெல்லாகவும் பருப்பாகவும் விறகாகவும் காய்கறியாகவும் கொடை வந்தது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் 1956இல் நடந்த தொடக்க விழாவில், வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராகச் சென்று இதற்காகப் பிச்சை எடுக்கவும் தாம் ஆயத்தமாக இருப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். பிடியரிசிப் பள்ளியில் பயின்றவருக்கு அது வெறும் மேடை வழக்காக இருந்திருக்காது.

மணிமேகலைக் காப்பியத்தை நடத்தும்பொழுது மாணவர் சிலர் ஓர் ஐயம் கேட்பதுண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில் இருக்கையில், ஆதிரை இடும் முதற்பிச்சை எதற்கு என்பர். கலம் தெய்வத்தன்மை உடையதாயினும் மனிதக் கையொன்று முதலில் இட்டாக வேண்டும் என்று சாத்தனார் அமைத்துவிட்டார். காமராசரின் திட்டத்திலும் முதலிட்டவர்கள் ஊரார். அதன் பின்னரே அரசின் கருவூலம் திறந்தது. 1957 அளவில் உணவு ஒன்றுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்றனர். 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் மாவு, எண்ணெய் முதலியவற்றை வழங்கித் துணைநின்றது. 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளால் கட்டடமும் பலகையும் சீருடையும் ஊர்ப்பொருளாகப் பள்ளிகளை வந்தடைந்தன.

குறையும் சொல்லவேண்டும். நான்கு காசு தர வல்ல ஊரில் அடுப்பெரிந்தது. வறண்ட ஊரில், எங்கே பசி மிகுதியோ அங்கே, அந்த நான்கு காசுக்கே திண்டாட்டம். மேலும், வகுப்பிலுள்ளோர் அனைவர்க்கும் உணவில்லை. வறியோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்கே. தட்டேந்தியவன் ஏழை என்று மற்றவர் அறிந்துகொள்ளும் நிலை.

இந்தக் கூச்சம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். நாம் ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் பயின்ற 1980களின் இறுதியில், அனைவரும் உண்ணலாம் என்ற காலம் வந்துவிட்டது. எனினும் சத்துணவுக்குப் பெயர் கொடுத்தவர், கொடாதவர் என்ற பிரிவு இருந்தது. அவ்வாண்டு தந்தையாரின் சிறுகடை நொடித்துப் போயிற்று. பெயர் கொடுக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை. உறவினர் என்ன சொல்வர் என்ற அச்சம். நண்பகல் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய் உண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைவரை நடந்து திரும்புவோம். சில நாள் இதனைக் கண்ட சமையல் அம்மையார் ஒரு நாள் நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வரிசையின் கடைசியில் அமர்த்தி, தம் தட்டிலேயே சோறும் சாம்பாரும் இட்டார். பதிவேட்டில் பெயர் இல்லை என்று சொன்னோம். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மறுவாரம் உம்மாவே பள்ளிக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுச் சென்றார்.

காமராசரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். கட்சிப் பணிக்காக 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியிலிருந்து தாமே விலகினார். 1964இல் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேருவுக்குப் பின் லால் பகதூர் சாத்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் தலைமையமைச்சர் ஆனதில் அவர்தம் பங்கு பெரிது. 1967இல் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அவர் ஆட்சியில் பள்ளிக்கு வந்த தலைமுறையே அத்தேர்தலில் அவருக்கு எதிராக நின்றது என்று சிலர் எழுதுவர். படித்தவர் தம் விருப்பப்படி வாக்களித்தனர். அதற்காகத்தானே படிக்க வைத்தார்! 1969இல் நாகர்கோவிலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அவர் இறக்கும்வரை வாழ்ந்த சென்னை இல்லம் வாடகை வீடே.

அவர் மூட்டிய அடுப்பு அவரோடு அணையவில்லை. 1982ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபொழுது ஊரார் பங்கு என்ற நிபந்தனை நீங்கியது. முழுச் செலவையும் அரசு ஏற்றது. 1984இல் பதினைந்து வயதுவரை உள்ள மாணவர்க்கும் அது நீண்டது. 2001ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டிலுள்ள அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு வழங்கவேண்டும் என ஆணையிட்டது. கொடையாக இருந்தது இவ்வாறு உரிமையாயிற்று.

காலை உணவு நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை நெல்பேட்டையில் தமிழ்நாடு அரசு அதனைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்தும் சேர்ந்தன. ஆனால் உதவிபெறும் பள்ளிகள் புறத்தே நின்றன. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுள் பெரும்பகுதி இவ்வகையினவே என்பது நம் சமூகப் பெரியோர் அறிந்தது. ஒரே தெருவில் ஒரு பிள்ளை உப்புமா உண்டு வகுப்புக்குச் செல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு வேறு பள்ளிக்குச் செல்லும். காமராசரின் பிறந்தநாளாகிய 2024 சூலை 15இல் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிந்தது. ஐந்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளைக்கு அத்திட்டத்தில் காலை உணவு இல்லை.

கல்லூரி மாணவர்க்கோ நண்பகல் உணவும் இல்லை. சென்ற பருவத்தில் முதலாமாண்டு வகுப்பின் முதற்பாடவேளையில் மாணவர் ஒருவர் மயங்கிச் சாய்ந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி வினவியபொழுது, விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் உண்ணவில்லை என்றார். மறுநாள் தனித்தனியே விசாரித்ததில், தேநீர் மட்டும் அருந்தி வருவோர் அவ்வகுப்பிலேயே பலர் இருப்பது தெரிந்தது. சிலர் காரணம் சொல்லத் தயங்கினர், நாமும் வற்புறுத்தவில்லை. துறை ஆசிரியர்கள் கூடி, திங்கள்தோறும் நம் ஊதியத்தில் ஒரு சிறு தொகையை ஒதுக்குவதென்றும், சிற்றுண்டிச் சாலையில் காலை எட்டரை மணிக்கு இட்டிலி வழங்கச் செய்வதென்றும் பேசியிருக்கிறோம். பெயர்ப் பதிவேடு வேண்டாம், வந்தமர்ந்தவர் உண்ணட்டும் என்பது நம் கருத்து. இதற்கு முன்னாள் மாணவரும் சமூகப் பெரியோரும் தம் பங்கை நல்க விரும்பினால் துறை அலுவலகத்தில் தெரிவிக்கலாம். அரிசியாகத் தந்தாலும் ஏற்போம்.