வடலூர் இராமலிங்க சுவாமிகள் சரித்திரமும் சாவாமை விசாரமும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியர்களை இக்காலத்து மாணாக்கர் வினாவும் வினாக்களுள், விஞ்ஞான வலியினாலே மனிதன் இறவாதிருத்தல் கூடுமா, கூடுமாயின் அவ்வழிச் செல்லுதல் தக்கதா என்பதும் ஒன்று. கூடுமா என்பதற்கு விடை கூறுதல் விஞ்ஞானிகள் கடன். தக்கதா என்பதற்கு விடை கூறுதல் நம் கடன். அவ்விடையைத் தருக்க வாயிலாக மாத்திரம் கூறின் அஃது இளையோர் மனத்திற் பதியாது. சாவாமையையே பொருளாகக் கொண்டு வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தை முன்வைத்துக் கூறின் நன்கு பதியும். ஆதலின், இராமலிங்க சுவாமிகளுடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தாம்.

சுவாமிகள் சிதம்பரத்துக்கு அணித்தாயுள்ள மருதூரிலே, இராமையபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாக, 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆந் தேதி பிறந்தார். ஐந்து திங்கட் குழந்தையாயிருந்தபோது பெற்றோர் அவரைச் சிதம்பரத்துக்கு எடுத்துச் சென்றனர் என்றும், சிற்சபையிலே திரை நீங்கியவுடன் குழந்தை நகைத்தது என்றும் அடியார்கள் கூறுவர். சின்னாட்களுள் தந்தையார் காலமானார். இவர் பேச்சறியாப் பருவத்திலேயே மரணம் அவ்வீட்டினுட் புகுந்தது.

அவ்வாண்டுகளிலேதான் நம்முடைய கம்பளைப் பகுதியின் கோப்பித் தோட்டச் சரித்திரமும் தொடங்கிற்று. கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியிலே ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் 1824ஆம் ஆண்டளவிலே கோப்பி பயிரிட்டார். தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழ் நாட்டினின்றும் ஏழை மக்கள் திரள் திரளாக வந்தனர். மன்னார்க் கரையிலே இறங்கிக் காட்டு வழியே பல நாள் நடந்து, மாத்தளை வழியாக மலையேறிய அவர்களுட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வைசூரியாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டங்களை அடைந்தாருள்ளும் பலர்க்கு நெடுவாழ்வு வாய்த்திலது. இன்று இப்பகுதியிலே நாம் கற்பிக்கும் பிள்ளைகளுட் பலர் அம்மக்களின் வழித்தோன்றல்கள். சாவாமையைப்பற்றி ஆராயும்போது இதனை ஆசிரியர்கள் மறத்தலாகாது.

தந்தையார் இறந்தபின் அன்னையார் மக்களோடு சென்னை சேர்ந்தனர். மூத்த தமையனார் சபாபதிபிள்ளை புராணப் பிரசங்கஞ் செய்து குடும்பத்தைத் தாங்கினார். அவர் தம்பியைக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்விக்கு விடுத்தனர். பிள்ளையோ பள்ளியிலே தங்காது கந்தகோட்டத்திலே முருகப்பெருமான் சந்நிதியிலே நிற்பதையே விரும்பிற்று. ஒருநாள் தமையனார் நோயுற்றிருக்க, சோமு செட்டியார் இல்லத்துப் பிரசங்கத்துக்கு இவர் சென்று, திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் புராணத்துக்குப் பொருள் விரித்தார் என்பதும், கேட்டோர் இரவு நெடுநேரமாகியும் எழுந்திலர் என்பதும் வரலாறு. பின்னர்த் திருவொற்றியூர் வழிபாட்டிலே பல ஆண்டு கழித்தார். 1850ஆம் ஆண்டிலே உறவினர் வற்புறுத்தலால் தமக்கையார் மகளை மணந்தும், இல்லறத்திலே மனம் பற்றாதவராயினார்.

அவர் 1854ஆம் ஆண்டில் எழுதிய வசன நூல் மனுமுறை கண்ட வாசகம். பசுவின் கன்று தேரிற் பட்டு இறந்ததற்காகத் தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இடத் துணிந்த சோழனுடைய கதை அது. தன் குலத்தின் உயிரும் கன்றின் உயிரும் ஒன்றே எனக் கொண்ட அரசனை அவர் தேர்ந்தெடுத்தமை நோக்கத்தக்கது. பிற்காலத்திலே அவர் சாவாமையைப் பேசியபோதும், அஃது ஒருவர்க்கு மாத்திரம் உரிய செல்வமாக அவர்க்குத் தோன்றவில்லை.

1858ஆம் ஆண்டிலே சென்னையை நீங்கித் தெற்கே தலயாத்திரை செய்து, வடலூருக்கு அணித்தாகிய கருங்குழியிலே வேங்கட ரெட்டியார் இல்லத்திலே தங்கினார். எண்ணெய்க்குப் பதிலாக நீர் வார்த்த விளக்கு இரவு முழுதும் எரிந்தது என அடியார் போற்றும் நிகழ்ச்சி அவ்வீட்டிலே நிகழ்ந்தது என்பர். 1865ஆம் ஆண்டிலே சன்மார்க்க சங்கத்தைத் தாபித்தார். பார்வதிபுரத்தார் உவந்தளித்த எண்பது காணி நிலத்திலே, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆந் தேதி, சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர் என்று வினாவாது, பசித்து வந்தார் யாவர்க்கும் அங்கே அன்னமிடப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு அணையாது இன்றும் எரிகின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே. லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஆண்டும் அதுவே.

சுவாமிகள் உடலை இகழ்ந்தாரல்லர். மூலிகைகளின் குணங்களை ஆராய்ந்து அட்டவணைப்படுத்தினார். கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலியவற்றை நாடோறும் கொள்ளும் முறையை விதித்தார். துயிலெழுதல், உண்ணல், உலாவல், உறங்கல் என்னும் இவற்றுக்கெல்லாம் அளவு வகுத்தார். ஆகாரம், நித்திரை, மைதுனம், பயம் என்னும் நான்கிலும் எச்சரிக்கையாயிருந்தால் ஆயுள் நீடிக்கும் என்பது அவர் போதனை. உடலினுள்ளே இறைவன் எழுந்தருளியிருத்தலின் அதனைப் பேணல் வேண்டும் என்பது திருமூல நாயனார் காட்டிய நெறியே. ஆயினும் சுவாமிகள் மூலிகையை முடிவான சாதனமாகக் கொண்டிலர். உயிர்களிடத்து இரக்கமே திறவுகோல் என்றும், அவ்விரக்கத்தின் முதற்படி பசிதீர்த்தல் என்றும், அதனால் வரும் அருளே மரணமிலாப் பெருவாழ்வைத் தரும் என்றும் கொண்டார்.

1872ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆந் தேதி வடலூரிலே சத்திய ஞானசபையிலே வழிபாடு தொடங்கிற்று. ஏழு திரைகள் ஒவ்வொன்றாய் நீங்க அப்பாற் சோதி தோன்றுமாறு அச்சபை அமைந்தது. ஆணவ மறைப்பு நீங்க அருள் விளங்கும் என்னும் பொருளை எழுத்தறியாதாரும் கண்ணாற் கண்டு உணரும் வழி இது.

இனி, கூறுதற்கு அரிய பகுதிக்கு வருவாம். இறந்தோரைச் சுடாது புதைத்தல் வேண்டும் என்று சுவாமிகள் 1871ஆம் ஆண்டிலே அறிவித்தார். இறந்தோர் மீள எழுவர் என்னும் நம்பிக்கையினாலே, பிற ஊர்களிலே இறந்தாரது உடலையும் வடலூருக்குக் கொணர்ந்து புதைத்தோர் உளர் என்பது 1906ஆம் ஆண்டின் தென்னார்க்காட்டு அரசாங்க நூலால் அறியப்படும். அவர்கள் பேதையரல்லர். பிள்ளையை இழந்த தாயரும் கணவனை இழந்த மனைவியரும் அவருள் இருந்திருப்பர். அவர்கள் காத்திருந்தனர். ஒருவரும் எழுந்திலர்.

நம் ஆறுமுக நாவலரவர்கள் சுவாமிகளை மறுத்தமையை மாணாக்கருக்கு மறைத்தலும் தகாது. திருமுறைகளுக்கு உரிய அருட்பா என்னும் பெயரைச் சுவாமிகளுடைய பாடல்களுக்கு வழங்குதல் பிழை என்றும், அற்புதங்களை நம்பி மக்கள் மயங்குதல் தீது என்றும் நாவலர் கண்டித்தனர். 1869ஆம் ஆண்டிலே அவ்விவாதம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கும் சென்றது. இருசாரார் எழுதிய கண்டன நூல்களின் கடுமையை இன்று நாம் தொடர வேண்டுவதில்லை. ஆயின் ஒன்றை உற்று நோக்குக. எழுபதுகளின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சம் வந்தபோது, அந்நாவலரே கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்தி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். சாத்திரத்திலே மாறுபட்ட இருவரும் பசித்தவன் முன்னே ஒரே செயலைச் செய்தனர்.

1873ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சுவாமிகள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்திலே கொடியேற்றி, அன்பர்களுக்குப் பேருபதேசஞ் செய்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 30ஆந் தேதி இரவு ஓர் அறையினுட் புகுந்தார். கதவு சாத்தப்பட்டது. அதன்பின் அவரைக் கண்டாரிலர். உடல் ஒளியாயிற்று என அடியார் நம்புவர். அல்லர் என மறுப்போரும் உளர். அவர்க்கு அப்போது வயது ஐம்பது. மலைநாட்டுப் புகையிரதம் கம்பளையைக் கடந்து நாவலப்பிட்டியை எட்டியது அவ்வாண்டிலேயே. நெடுநடை நடந்து வந்த மக்களின் பிள்ளைகளுக்கு அதனாற் பாதையின் துன்பம் ஓரளவு குறைந்தது.

அவ்வறையினுள்ளே நிகழ்ந்தது யாது என்பதைத் தீர்மானித்தல் நம் நோக்கமன்று. அறைக்கு வெளியே எஞ்சியது யாது என்பதே நமக்குப் பாடம். எழுவர் என்று புதைக்கப்பட்டோர் எழுந்திலர். ஆயின், அடுப்பு எரிகின்றது. அவர் மறைந்து ஈராண்டு கழிந்தபின் தென்னாட்டைப் பற்றிய பெரும்பஞ்சத்தை நினைப்போர்க்கு அவ்வடுப்பின் மதிப்புப் புலப்படும்.

இக்கால விஞ்ஞானம் செய்தனவற்றை நன்றியோடு கூறல் வேண்டும். வைசூரி உலகினின்றும் ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்ட மலேரியா, இந்நாட்டிலே அற்றது என்று 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. 1946ஆம் ஆண்டிலே இலங்கையிற் பிறந்த பிள்ளை சராசரியாக ஏறக்குறைய 43 ஆண்டு வாழும் என எதிர்பார்க்கப்பட்டது. இன்று அது 75க்கு மேற்பட்டது. இவை யாவும் சீவகாருணியமே. இவற்றைச் செய்தோர் திருநீறு அணியாதவராயினும் சிவத்தொண்டரே.

விஞ்ஞானிகளுட் சிலர் இன்னும் மேற்செல்ல விழைகின்றனர். நிறமூர்த்த நுனிகள் தேயாது காக்கப்படும் முறையைக் கண்டோர்க்கு 2009ஆம் ஆண்டிலும், முதிர்ந்த கலங்களை இளமை நிலைக்குத் திருப்பலாம் எனக் காட்டினோர்க்கு 2012ஆம் ஆண்டிலும் நோபெல் பரிசு கிடைத்தது. இவற்றால் முதுமையை வெல்லலாம் என்பது சிலர் நம்பிக்கை. அமெரிக்காவிலே 1967ஆம் ஆண்டு இறந்த பேராசிரியர் ஒருவருடைய உடல், பிற்கால விஞ்ஞானம் எழுப்பும் என்னும் எண்ணத்தால் உறையவைத்துக் காக்கப்பட்டது. அதன்பின் நூற்றுக்கணக்கானோர் அவ்வாறு காக்கப்பட்டுள்ளனர். வடலூர் மண்ணிலே காத்திருந்தோரும் இவரும் ஒரே ஆசையுடையோர். வேறுபாடு யாதெனின், வடலூரிலே வறியவனுக்கும் இடமிருந்தது. உறைபனிக் கலத்திலே பொருளுடையோனுக்கே இடமுண்டு.

நம் சித்தாந்தம் இதற்குக் கூறும் விடை தெளிவானது. தனு கரண புவன போகங்கள் உயிர் பக்குவமடைதற்பொருட்டு இறைவனாற் கொடுக்கப்பட்டவை. உடல் கருவி, உயிர் அதனை உடையது. கருவியைத் துலக்கி நெடுநாட் பயன்கொள்ளல் அறிவுடைமை. கருவியையே தானென மயங்கி அதனை என்றும் அழியாதாக்க முயலல் ஆணவத்தின் செயல். ஆயிரம் ஆண்டு நீண்ட உடலினும் மலம் மலமே. திருஞானசம்பந்தர் பதினாறாண்டும், சுந்தரர் பதினெட்டாண்டும், மாணிக்கவாசகர் முப்பத்திரண்டாண்டும், அப்பர் எண்பத்தோராண்டும் வாழ்ந்தனர் என்பது மரபு. அவருள் ஆயுள் மிகுந்தவரே அருள் மிகுந்தவர் என்பார் எவருமிலர்.

ஆதலால், ஆசிரியர்கள் தம் மாணாக்கருக்கு இங்ஙனம் உணர்த்துக. நோயை நீக்கவும் ஆயுளை நீட்டவும் விஞ்ஞானத்தை ஊன்றிக் கற்க. மருத்துவராகுக, ஆராய்ச்சியாளராகுக. ஆயின், எவர் ஆயுள் முதலில் நீட்டப்பட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தம்மைத் தாமே வினாவுக. தோட்டப் பகுதியிலே சிசு மரணம் நாட்டின் பிற பகுதிகளினும் நெடுங்காலம் மிகுந்திருந்ததை அவர்கள் அறிதல் வேண்டும். சிலர் சாவாதிருக்கும் வழியைத் தேடுமுன், இளஞ்சாவு சாவாரைக் காக்கும் கடன் நிற்கின்றது. இராமலிங்க சுவாமிகள் மரணத்தை வென்றாரோ இல்லையோ, முதலில் அடுப்பை மூட்டிய பின்னரே அறையினுட் புகுந்தார். அம்முறையை மாற்றலாகாது.

இதனைக் கற்பிக்கும் நாளிலே, மாணாக்கர் தாம் கொணர்ந்த உணவிலே ஒரு பங்கை உணவின்றி வந்த தோழனுக்கு அளிக்குமாறு ஆசிரியர் செய்வாராயின், சுவாமிகள் சரித்திரம் அவ்வகுப்பிலே நிறைவுறக் கற்பிக்கப்பட்டதாகும்.

சிவம்.