எம்.எஸ். ப்ளூ

தீபாவளிக்கு அம்மாகூட கீழராஜ வீதி ஜவுளிக்கடைக்குப் போயிருக்கீங்களா? பட்டுப் பிரிவுல யாராவது எம்.எஸ். ப்ளூ இருக்கான்னு கேட்டிருப்பாங்க. அது கம்பெனி பேர் இல்லைங்க, ஒரு மனுஷியோட பேர்.

ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி, 1956இல் தன் கர்ப்பத்தைக் கேமராவிலிருந்து மறைக்க ஒரு ஹெர்மேஸ் கைப்பையை முன்னால் பிடித்தார். அந்தப் பைக்குப் பின்னாளில் கெல்லி என்றே பெயர் வந்தது. நமக்கு அப்படி ஒருத்தர், எம்.எஸ். சுப்புலட்சுமி.

1916இல் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். 1945இல் வந்த மீரா படம் அவர் புகழை எங்கோ கொண்டு போனது. முத்துச் செட்டியார் என்ற பட்டு ஜவுளிக்காரர் அவருக்காகவே ஒரு அடர்நீலப் பட்டு தயாரித்துக் கொடுத்தார். எம்.எஸ். அதைக் கட்டிக்கிட்டு மேடையேற, பார்த்தவங்களும் அதே நிறத்தைக் கேட்க ஆரம்பிச்சாங்க. நிறத்துக்கே அவர் பேர் ஒட்டிக்கிச்சு.

ஆனா பட்டுல ஜொலிச்சவர் கையில காசு தங்கல. 1944இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்குப் பாடியதில் தொடங்கி, கச்சேரிப் பணத்தை நல்ல காரியங்களுக்குக் கொடுத்துக்கிட்டே இருந்தார். வெங்கடேச சுப்ரபாதத்தின் ராயல்டிகூடத் திருப்பதி வேத பாடசாலைக்குத்தான். 1966இல் ஐ.நா. சபையில் பாடியவர், 1970களில் கல்கி தோட்டம் என்ற பெரிய வீடு கைவிட்டுப் போய், வாடகை வீட்டுக்குக் குடிபோனார். அப்பவும் தர்மக் கச்சேரிகள் நிக்கல. 1998இல் பாரத ரத்னா, 2004இல் மறைந்தார்.

அடுத்த தடவை அம்மா பீரோவுல இருந்து அந்த நீலப் புடவையை எடுத்தா, அவர் பாட்டு ஒண்ணு போட்டுக் கேளுங்க.