கடல் நீரோட்டம் ஆய்ந்த ஜேம்ஸ் ரென்னல்

காஞ்சி மாநகர் பல்லவர்தம் தலைநகராய்ப் பொலிந்த காலத்தில், மாமல்லபுரம் அவர்களுடைய துறைமுகமாய் விளங்கியது. அத்துறையினின்று கலஞ் செலுத்தியோர் காற்றின் போக்கையும் நீரின் போக்கையும் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். கடல் நீரோட்டங்களை முறையாக ஆராய்ந்து நூலாக்கித் தந்த பெரியோருள் ஒருவர் ஜேம்ஸ் ரென்னல் ஆவார்.

இவர் 1742-ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சார்ந்த டெவன் என்னும் பகுதியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையைப் போர்க்களத்தில் இழந்தார். கடற்படையிற் சிறுவனாய்ச் சேர்ந்து, 1760-இல் இந்தியாவிற்கு வந்தார். புதுச்சேரி முற்றுகையிலும் பங்குகொண்டார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் பணி ஏற்றார். 1764-இல் வங்காளத்தில் நில அளவைப் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1766-இல் பூட்டான் எல்லைப்புறத்தில் நேர்ந்த பூசலில் வாளால் வெட்டுண்டு அரிதின் உயிர் பிழைத்தார். ஒரு கையின் வலிமை குன்றியது, ஊக்கமோ குன்றவில்லை. பதினொரு ஆண்டுகள் மேலும் பணியாற்றி, 1777-இல் தாயகம் திரும்பினார்.

கப்பல்கள் நீரோட்டத்தால் வழி விலகிப் பாறைகளில் மோதி அழிதலை அந்நாளில் தடுப்பார் இலர். அத்துன்பம் துடைக்க விழைந்த ரென்னல், மாலுமிகளின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். கப்பல் சென்ற வேகத்தாலும் திசையாலும் கணக்கிட்ட இடம் ஒன்று. நுண்ணிய கடிகாரத்தின் துணைகொண்டு அறிந்த இடம் மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாடே நீரோட்டத்தின் அளவைக் காட்டும். காஞ்சி நெசவாளர் இழையோடு இழை சேர்த்துப் பட்டு நெய்வதுபோல, இவர் குறிப்போடு குறிப்புச் சேர்த்துக் கடலின் இயல்பை உருவாக்கிக் காட்டினார். ஆப்பிரிக்கத் தென்முனையை அடுத்தோடும் அகுலாஸ் நீரோட்டத்தின் படத்தை 1778-இல் வெளியிட்டார்.

காற்று, கடலின் மேற்பரப்பு நீரைத் தள்ளிச் செல்கிறது; அந்நீர் நிலத்தால் தடையுண்டு குவிகிறது; குவிந்த நீர் பேராறு போலப் பாய்கிறது. இவ்வாறு நீர்மட்ட உயர்வையும் நீரோட்டத்தையும் ரென்னல் தொடர்புபடுத்தினார். புவியின் சுழற்சி நீரோட்டத்தைத் திருப்பும் திறத்தைப் பிற்கால அறிஞர் விளக்கினர். 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் முதலிய செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தை விண்ணிலிருந்து அளந்து, நீரோட்டங்களை அறியத் துணைபுரிந்துள்ளன.

நம் கீழைக் கடற்கரையிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். அப்போது கரையோரக் கடல்மட்டம் உயர்ந்திருக்கும். பங்குனியில் அது வடக்கு நோக்கி ஓடும். அப்போது மட்டம் தாழ்ந்திருக்கும்.

ரென்னல் 1830-இல் காலமானார். அட்லாண்டிக் நீரோட்டங்களைப் பற்றி அவர் நெடுங்காலம் உழைத்து எழுதிய நூல், அவர்தம் மகளாரின் முயற்சியால் 1832-இல் வெளிவந்தது. தம் உழைப்பின் பயனைத் தாம் காணாது மறைந்தார். பின்வந்த மாலுமிகள் அப்பயனைத் துய்த்தனர். உடற்குறையால் உள்ளம் தளராது, பிறர் உயிர் காக்கும் அறிவைத் தேடிய அவர் வாழ்க்கை, மாணவர்க்கு ஒரு நல்வழிகாட்டியாகும்.