முகம் தந்த மருத்துவர்

ஒருவர் பார்ப்பதற்கு இலட்சணமாக இருந்தால், மூக்கும் முழியுமாக இருக்கிறார் என்று சொல்வது நம் வழக்கம். முகத்தின் நடுவே அமைந்துள்ள மூக்கு, அழகுக்கு மட்டும் உரிய உறுப்பன்று. நாம் உள்ளிழுக்கும் காற்றைத் தூய்மைப்படுத்தி, வெதுவெதுப்பாக்கி, ஈரப்படுத்தி நுரையீரலுக்கு அனுப்புவதும் அதுவே. அந்த மூக்கை ஒருவர் ஒரே நொடியில் இழந்துவிட்டால் அவர் நிலை என்னவாகும்? முதல் உலகப் போரில் முகம் சிதைந்த இளைஞர்கள் பலர் இத்தகைய துன்பத்திற்கு ஆளாயினர். அவர்களுக்கு மீண்டும் முகம் தந்தவர் மருத்துவர் ஹெரால்ட் கில்லீஸ்.

கில்லீஸ் 1882ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சிறுவனாக இருந்தபோது மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கி விளையாடி விழுந்ததில் அவருடைய முழங்கை முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் அந்தக் கையை அவரால் முழுமையாக மடக்கி நீட்ட இயலவில்லை. ஆனால், அந்தக் குறை அவரை முடக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1904ஆம் ஆண்டின் புகழ்பெற்ற படகுப் போட்டியில் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் துடுப்பு வலித்தார். கோல்ஃப் விளையாட்டிலும் சிறந்து விளங்கினார். பின்னர் லண்டனில் மருத்துவப் பயிற்சி பெற்று, காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சையில் தேர்ச்சி அடைந்தார்.

1914இல் போர் மூண்டது. வீரர்கள் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டனர். உடல் மண்ணுக்குள் மறைந்திருந்தாலும் குழிக்கு மேலே தலையை உயர்த்தியவர்களின் முகத்தைக் குண்டுகளும் இரும்புச் சிதறல்களும் தாக்கின. அடுத்த ஆண்டு பிரான்சுக்குச் சென்ற கில்லீஸ், அங்கு வலாடியே என்னும் பல் மருத்துவர் சிதைந்த தாடைகளைச் சீரமைப்பதைக் கண்டார். பாரிஸ் நகரில் மொரெஸ்தான் என்னும் மருத்துவர் ஒரு நோயாளியின் முகத்திலிருந்த கட்டியை அகற்றி, அருகிலிருந்த தோலை நகர்த்தி அவ்விடத்தை மூடியதையும் பார்த்தார். அந்தக் காட்சி அவருடைய வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. இதுவே தாம் செய்ய வேண்டிய பணி என்று அவர் முடிவு செய்தார்.

நாடு திரும்பிய கில்லீஸ், முகக்காயங்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று தேவை என்று இராணுவ அதிகாரிகளிடம் வலியுறுத்தினார். 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆல்டர்ஷாட் இராணுவ மருத்துவமனையில் அப்பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால், அப்படியொரு பிரிவு இருப்பது போர்முனையில் உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? கில்லீஸ் தம் சொந்தப் பணத்தில் முகவரி அட்டைகளை வாங்கினார். தம் மருத்துவமனையின் முகவரியை அவற்றில் எழுதிப் போர்முனைக்கு அனுப்பினார். சில நாள்களில், அந்த அட்டைகள் உடையில் குத்தப்பட்ட நிலையில் காயமடைந்த வீரர்கள் வந்து சேர்ந்தனர்.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் சோம் ஆற்றங்கரையில் பெரும்போர் நடந்தது. சுமார் 200 பேர் வரக்கூடும் என்று மருத்துவமனை ஆயத்தமாக இருந்தது. ஆனால், ஏறத்தாழ 2,000 பேர் வந்தனர். இடம் போதாமையால், 1917இல் சிட்கப் என்னும் ஊரில் முகக்காயங்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு 5,000க்கும் மேற்பட்டோருக்கு 11,000க்கும் அதிகமான அறுவைச் சிகிச்சைகள் செய்யப்பட்டன.

அந்த வீரர்களின் வேதனை உடலோடு முடிந்துவிடவில்லை. தம் முகத்தைத் தாமே காண அவர்கள் அஞ்சினர். ஆகவே, நோயாளிகள் தங்கிய பகுதியில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் வைக்கப்படவில்லை. ஊருக்குச் செல்லும் சாலையோரத்தில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசப்பட்டிருந்தது. அங்கு அமர்ந்திருப்பவர் முகக்காயம் அடைந்தவராக இருக்கலாம் என்று ஊர்மக்களுக்கு முன்கூட்டியே உணர்த்துவதற்காகவே அந்த ஏற்பாடு. தம் நோயாளிகள் மற்றவர்களோடு சேர்ந்து மீண்டும் தயக்கமின்றி வாழ வேண்டும் என்பதே கில்லீஸின் நோக்கமாக இருந்தது.

இழந்த மூக்கை மீண்டும் உருவாக்குவது எளிய செயலன்று. இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்டைய இந்தியாவின் மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கைச் சீரமைக்கும் முறையை விளக்குகிறது. பிற்காலத்தில் இந்திய வைத்தியர்கள் நெற்றித் தோலைப் பயன்படுத்தினர். பூனா நகருக்கு அருகில் நடந்த அத்தகைய சிகிச்சையைப் பற்றி 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் செய்தி வெளிவந்தது. அதன் வழியாக இம்முறை ஐரோப்பாவில் பரவியது. கில்லீஸும் நெற்றித் தோலைப் பயன்படுத்தினார். ஆனால், வெளித்தோல் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். உள்ளே மென்மையான உட்பூச்சு, நடுவில் தாங்கிநிற்கும் எலும்பு அல்லது குருத்தெலும்பு, வெளியே தோல் என்று மூன்று அடுக்குகளும் இருந்தால்தான் மூக்கு நிலைக்கும். உட்பூச்சு இல்லாவிட்டால், புதிய மூக்கு நாளடைவில் சுருங்கிவிடும்.

1917இல் மூக்கை இழந்து வந்த ஓர் இளம் அதிகாரிக்குக் கில்லீஸ் இந்த முறைப்படி சிகிச்சை அளித்தார். முதலில் அவருடைய விலா எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்து, நெற்றித் தோலின் அடியில் பதித்தார். அது அங்கு நன்றாகப் பொருந்தும்வரை பல மாதங்கள் காத்திருந்தார். பிறகு, அந்த நெற்றிப் பகுதியைக் கீழே திருப்பி மூக்காக அமைத்தார். புதிய மூக்கு அளவுக்கு மீறிப் பருத்திருந்ததைக் கண்டு உடன் பணியாற்றிய மருத்துவர்கள் நகைத்தனர். கில்லீஸ் மனம் தளரவில்லை. வீக்கம் வடியக் காத்திருந்து, சிறிது சிறிதாகத் திருத்தங்கள் செய்தார். 1920இல் அந்த அதிகாரி இயல்பான மூக்குடன் மருத்துவமனையிலிருந்து விடைபெற்றார்.

கில்லீஸின் மற்றொரு சாதனைக்கு மலாயாவோடு தொடர்பு உண்டு. மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் நிதியில் கட்டப்பட்ட போர்க்கப்பலுக்கு மலாயா என்று பெயர். 1916ஆம் ஆண்டின் ஜட்லாந்து கடற்போரில் அக்கப்பலின் மாலுமி ஒருவர் முகத்தில் கடுமையான தீக்காயம் அடைந்தார். 1917 அக்டோபரில் அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தபோது, மார்பிலிருந்து உயர்த்திய தோலின் ஓரங்கள் உட்புறமாகச் சுருள்வதைக் கில்லீஸ் கவனித்தார். அந்த ஓரங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவ்வாறே தைத்ததும் தோல் ஒரு குழாய் போல ஆனது. உள்ளே இரத்த ஓட்டம் தடைபடவில்லை. வெளியிலிருந்து கிருமிகளும் எளிதில் புக முடியவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் இது பெரும் முன்னேற்றமாகும். ஒடேசா நகரில் ஃபிலாட்டோவ் என்னும் மருத்துவரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இம்முறையைக் கண்டறிந்திருந்தார்.

வெற்றிகளுக்கிடையே கில்லீஸை வாட்டிய தோல்வியும் உண்டு. முகம் முழுவதும் தீயில் கருகிய இளம் விமானி ஒருவர் அவரிடம் வந்தார். அவருக்கு மார்பிலிருந்து பெரிய அளவில் தோலை எடுத்து, ஒரே கட்டத்தில் முகம் முழுவதையும் மூட முயன்றார் கில்லீஸ். ஏற்கெனவே தளர்ந்திருந்த அந்த உடல் அதைத் தாங்கவில்லை. பொருத்திய தோல் அழுகியது. 1918இல் அந்த விமானி உயிரிழந்தார். கில்லீஸ் இந்தத் தோல்வியை மூடி மறைக்கவில்லை. 1920இல் வெளியிட்ட தம் நூலில் அதையும் எழுதி, மற்ற மருத்துவர்கள் பாடம் கற்க வழிசெய்தார். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த உண்மையை ஓர் உயிரின் இழப்பில் அறிந்துகொண்ட கில்லீஸ், அதன்பின் அவசரப்படாமல் படிப்படியாகச் செய்வதையே தம் கொள்கையாகக் கொண்டார்.

சிட்கப்பில் கில்லீஸ் தனித்துப் பணியாற்றவில்லை. ஓவியரும் மருத்துவருமான ஹென்றி டோங்க்ஸ் நோயாளிகளின் முகங்களை வரைந்து உதவினார். முகமூடி வழியாக மயக்க மருந்து கொடுத்தால் முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்வது கடினம். ஆகவே, இவான் மெகில், ஸ்டான்லி ரோபோத்தம் ஆகிய மயக்கவியல் மருத்துவர்கள் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி மயக்க மருந்து கொடுக்கும் முறையை அங்கு மேம்படுத்தினர். பல துறையினரின் கூட்டு முயற்சியே அந்த மருத்துவமனையின் வெற்றிக்கு அடித்தளமாக அமைந்தது.

1930இல் கில்லீஸுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போதும் அவர் காயமடைந்தோருக்குச் சிகிச்சை அளித்ததோடு, இளம் மருத்துவர்களுக்கும் பயிற்சி அளித்தார். முதுமையிலும் தம் தொழிலைக் கைவிடாத அவர், 1960இல் தமது 78ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்று மூக்குத் துவாரத்தின் வழியாக மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, முகத்தில் வெட்டுக்காயமே இல்லாமல் பல மூக்கு, சைனஸ் சிகிச்சைகளைச் செய்கிறார்கள். ஆயினும், புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கை இழப்பவர்களுக்கு நெற்றித் தோல் இன்றும் கைகொடுக்கிறது. மூன்று அடுக்குகளும் வேண்டும் என்ற கில்லீஸின் பாடத்தை மருத்துவர்கள் இன்றும் பின்பற்றுகின்றனர். சாலையோர நீல இருக்கைகளில் தலைகுனிந்து அமர்ந்திருந்த இளைஞர்கள் பலர், அவருடைய பொறுமையால் தலைநிமிர்ந்து தம் வீடுகளுக்குத் திரும்பினர்.